எலிகளுக்கு மதராஸ் சாப்பாடு போட்ட மருத்துவர்

குன்னூர் பாஸ்டர் நிலையத்தை நாய்க்கடி ஊசியை வைத்துத்தான் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1907-ல் தொடங்கிய அந்த நிலையத்தின் ஒரே ஓர் அறையில், 1918-ல் ஒரு ராணுவ மருத்துவர் வேறொரு வேலையைத் தொடங்கினார். நீங்கள் விளைவிக்கிற நெல், மில்லில் அரைபட்டு, கழுவி, கஞ்சி வடித்து, தட்டுக்கு வருவதற்குள் எதையெல்லாம் இழக்கிறது? அந்தச் சோற்றையே நாள்தோறும் தின்கிற உடம்பு காலப்போக்கில் எதை இழக்கிறது? அவர் விடை தேடியது இதற்குத்தான். அவர் பெயர் ராபர்ட் மெக்கரிசன்.

அயர்லாந்தின் போர்ட்டடவுன் ஊரில் 1878-ல் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படித்துவிட்டு, 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறினார். முதலில் போட்ட இடம் வடமேற்கு மலைப்பகுதியான சித்ரால். சிப்பாய்களை வாட்டிய மூன்று நாள் காய்ச்சல் மணல் ஈ கடியால் வருகிறது என்று அங்கே கண்டறிந்தார். அடுத்து கில்கிட்டில் ஏழு ஆண்டுகள்.

கில்கிட்டில் அவர் செய்த வேலை பாசனக்காரர்களுக்கு எளிதில் புரியும். ஒரே வாய்க்கால் பல ஊர்கள் வழியாக ஓடுகிறது. குடிக்கவும் அதே தண்ணீர்தான். தலைமடை ஊரில் கழுத்துக் கழலை உள்ளவர்கள் குறைவு. கீழே போகப் போகக் கூடிக்கொண்டே போய், கடைமடை ஊரில் மிக அதிகம். அந்தத் தண்ணீரை வடிகட்டி, தங்கிய கசடை மெக்கரிசன் தானே குடித்தார். முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கசடைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. காரணம் கிருமிதான் என்று அவர் அப்போது நம்பினார். அயோடின் குறைவுதான் முதன்மைக் காரணம் என்பது பின்னால் உறுதியானது. ஊகம் தவறினாலும், நோயை ஆஸ்பத்திரியில் தேடாமல் வாய்க்கால் கரையில் தேடினாரே, அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

கில்கிட்டுக்கு அப்பால் ஹுன்சா பள்ளத்தாக்கு. அங்குள்ள மக்களுக்கு வயிற்றுக் கோளாறு மிக அரிது என்று கவனித்தார். தவிடு நீக்காத தானியம், கீரை, காய்கறி, பால், பச்சையாகவும் காயவைத்தும் தின்னும் பாதாமி என்கிற ஆப்ரிகாட் பழம், எப்போதாவது இறைச்சி. இவ்வளவுதான் அவர்கள் சாப்பாடு. ஹுன்சாக்காரர்கள் நூறு வயதைத் தாண்டி வாழ்கிறார்கள் என்று இன்று வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பிறகு சேர்ந்த கதை.

பெரிபெரியும் புழுங்கலரிசியும்

முதல் உலகப் போர் முனையிலிருந்து உடல் நலிந்து திரும்பியவரிடம்தான் 1918-ல் குன்னூரில் பெரிபெரி ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. கால் மரத்துப்போய், வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகிற நோய் அது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் வடசர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடலோரத்தில், இது அதிகம். தமிழ் மாவட்டங்களில் மிகக் குறைவு. இரு பக்கமும் நெல் விளைகிற பூமி, இரு பக்கமும் சோறு தின்கிறவர்கள். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பக்குவத்தில்தான் இருந்தது வித்தியாசம். வடக்கே பச்சரிசி. மில்லில் தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1 போய்விடும். தெற்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் அந்தச் சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்காமலே நம் பாட்டிமார் அண்டாவில் அவித்துக்கொண்டிருந்தார்கள். புழுங்கலரிசியைக்கூட இன்று பளிச்சென்று தீட்டச் சொல்லி வாங்குகிறோம் என்பது வேறு விஷயம். அதைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால், மிச்சமிருப்பதிலும் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகும்.

பெரிபெரியோடு அவர் நிறுத்தவில்லை. புறாக்களுக்கும் குரங்குகளுக்கும் சத்துக் குறைந்த தீனி போட்டுப் பார்த்தார். பெயர் சொல்லக்கூடிய நோய் எதுவும் வெளியே தெரிவதற்கு முன்பே குடல் கெட்டுப்போயிருந்தது. பசி மந்தம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, எளிதில் தொற்று. சத்து அடியோடு இல்லாவிட்டால் நோய் சீக்கிரம் தெரிந்துவிடும். கொஞ்சம் குறைவாகவே வெகுகாலம் போய்க்கொண்டிருந்தால் தெரியாது. பயிரில் துத்தநாகப் பற்றாக்குறையைப் பார்த்தவர் நீங்கள். இலையில் கடுமையாகத் தெரிந்தால் உடனே மருந்தடிப்பீர்கள். லேசான குறை இலையில் காட்டாது. அறுவடையில்தான் தெரியும். உடம்பும் அப்படித்தான் என்று அவர் காட்டினார்.

1923-ல் சிக்கனம் என்று சொல்லி அரசு இந்த ஆய்வை மூடியது. இரண்டு ஆண்டு கழித்து மீண்டும் திறந்தார்கள். அதன் பிறகுதான் அவருடைய பேர்பெற்ற எலிச் சோதனைகள் நடந்தன.

ஏழு தட்டுகள்

ஒத்த வயதும் ஒத்த எடையும் உள்ள இளம் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாட்டின் ஒவ்வொரு பகுதி மக்கள் தின்கிற சாப்பாட்டை அப்படியே சமைத்துப் போட்டார். சோதனை முடிவில் சராசரி எடை சீக்கியர் சாப்பாடு தின்ற எலிக்கு 235 கிராம். பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளிகள் என்று வரிசை இறங்கியது. கடைசி இடம் மதராசி சாப்பாட்டுக்கு, 155 கிராம்.

கோபம் வருகிறதா? தட்டுகளைப் பாருங்கள். சீக்கியர் தட்டில் தவிடு நீக்காத கோதுமை ரொட்டி, பருப்பு, பச்சைக் காய்கறி, பால், வெண்ணெய், வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் இறைச்சி. மதராசி தட்டில் கழுவி வடித்த தீட்டிய அரிசிச் சோறு, பருப்பு, காய்கறி, தேங்காய், எண்ணெய், துளி நெய், கொஞ்சம் மோர், சர்க்கரை போட்ட காப்பி. சோறு வயிற்றை நிரப்பிவிடுகிறது. பாலும் பச்சைக் காய்கறியும் போதுமான அளவு இல்லை. கோளாறு அங்கேதான். அந்தத் தட்டில் களியும் கூழும் இல்லை என்பதையும் கவனியுங்கள். நம் மானாவாரிக் குடும்பங்களின் பழைய சாப்பாட்டை அது சொல்லவில்லை.

எலியின் எடையை வைத்து மனிதனை அளக்க முடியாது என்று நீங்கள் சொன்னால் அது சரி. ஆனால் அவர் எடையோடு விடவில்லை. சீக்கியர் சாப்பாட்டிலேயே வளர்ந்த எலிகளை, மனித வயதில் ஐம்பதுக்குச் சமமான பருவம்வரை கவனித்தார். இரண்டே கால் ஆண்டுகளில் வளர்ந்த எலிகளில் ஒன்றுகூட நோயால் சாகவில்லை. குறைந்த சத்துள்ள தட்டுகளைத் தின்றவற்றை அறுத்துப் பார்த்தால் நுரையீரல் அழற்சி, வயிற்றுப்புண், சிறுநீரகக் கல் என்று வரிசையாக இருந்தன. அவர் தன் நாட்டையும் விடவில்லை. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரைத் தேநீர், டப்பா இறைச்சி, ஜாம் என்று இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டை ஒரு கூட்டத்துக்குப் போட்டார். அறுபதாவது நாள் வாக்கில் அவை தங்களுக்குள் நலிந்தவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின.

அரிசியைக் கைவிடச் சொல்லவில்லை மெக்கரிசன். அதோடு பால், கீரை, காய் சேரவேண்டும் என்றார். 1928-ல் பள்ளிகளுக்கும் நல மையங்களுக்குமாக எளிய உணவு நூல் ஒன்றும் எழுதினார். விரிவாக்கப் பணியாளர்கள் யோசிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர்கூட வைக்காத வீடு எத்தனை என்று உங்கள் கிராமத்திலேயே எண்ணிப் பார்க்கலாம். முருங்கையும் முட்டையும் முழுதாகச் சந்தைக்குப் போய், வீட்டில் வெறும் ரசச் சோறு என்பதும் நாம் பார்க்காததல்ல.

எருவிலிருந்து தட்டுவரை

இன்னும் ஒரு படி பின்னால் போனார். தானியத்தின் சத்து மண்ணைப் பொறுத்ததா? கோவையில் அரசு வேளாண் வேதியியலராக இருந்த விஸ்வநாத்துடன் சேர்ந்து, வெவ்வேறு எரு இட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் சோதித்து, 1926-ல் முடிவை வெளியிட்டார். மாட்டெரு இட்ட தானியம் ரசாயன உரமிட்டதைவிடச் சத்தில் மேல் என்று வந்தது. இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பின்னால் நடந்த சோதனைகள் எல்லாம் அதே விடையைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனால் எரு, மண், தானியம், உடம்பு நான்கையும் ஒரே கோட்டில் வைத்து அளந்து பார்க்க முனைந்தவர்கள் அன்று அதிகம் இல்லை.

1933-ல் சர் பட்டம் கிடைத்தது. 1935-ல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனார். மறு ஆண்டு லண்டனில், எலிகளில் கண்டதை விளக்கித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். ஆக்ஸ்ஃபோர்டில் 1960 மே மாதம் இறந்தபோது வயது 82. அவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம் அதற்கு முன்பே, 1958-ல், குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு மாறிவிட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். மாட்டெருவையும் உரத்தையும் பக்கம் பக்கமாக இட்டு ஒப்பிடும் நிரந்தர எருச் சோதனை வயல், 1909-ல் போட்டது, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.