கில்ஃபோர்ட் மோல்ஸ்வர்த் (1828 – 1925)

இங்கிலாந்தில் பிறந்த பொறியியலாளர். அக்காலத்தில் மலைநாட்டுக் கோப்பி மாட்டு வண்டிகளிலேயே கொழும்புக்குச் சென்றது. செலவும் தாமதமும் அதிகமாகையால் தோட்டத்துரைமார் புகையிரதப் பாதை கோரினர். 1862 இல் பிரதம பொறியியலாளரான மோல்ஸ்வர்த் இப்பணியை நடத்தினார். பாதை 1865 இல் அம்பேபுஸ்ஸவையும், கடுகண்ணாவ மலையில் சுரங்கங்கள் வெட்டப்பட்டு 1867 இல் கண்டியையும் அடைந்தது. இதில் உழைத்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் நோயால் மாண்டனர்.

1871 இல் இவர் இந்திய அரசின் ஆலோசகப் பொறியியலாளரானார். பின்னர் பாதை நாவலப்பிட்டி (1874), ஹட்டன் (1884), நானுஓயா (1885) வரை நீடிக்கப்பட்டது. அதற்குள் கோப்பி நோயால் அழிந்தது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலையைச் சுமந்தது.

மாண்ட தொழிலாளரின் பெயர்களைப் பாடநூல்களில் காண்பதற்கில்லை. எனவே விடை எழுதும்போது மோல்ஸ்வர்த்துடன் அவர்களின் பங்களிப்பையும் குறிப்பிடுக.