முதற் குலோத்துங்க சோழனும் ஈழத்துப் போரும்

சென்ற கோடை விடுமுறையை நாம் செட்டியார்பட்டியில் கழித்தோம். மாலைதோறும் மேற்கு மலையை நோக்கி உலாவச் செல்லுங்கால் நம்முடன் வந்த முதியவர் ஒருவர், 1987 ஆம் ஆண்டில் இந்திய அமைதி காக்கும் படையோடு இலங்கைக்குச் சென்று, அப்படை முழுவதும் மீண்ட 1990 ஆம் ஆண்டில் ஊர் திரும்பியவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர் அங்கே உயிர் துறந்தனர் என்பது யாவரும் அறிந்ததே. கடல் கடந்து சென்ற சேனையைத் திரும்ப அழைக்கும் வேளை வந்துவிட்டதென்று அரசாள்வோர் எவ்வாறு அறிகின்றனர் என அவர் ஒருநாள் நம்மை வினவினார். வரலாறு கற்றோம் என்னும் பெயர் நமக்கு இருந்தும் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் ஆராய்ந்த பொழுது, அதே ஈழநாட்டில் ஏறக்குறைய தொள்ளாயிரத்து ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே வினாவை எதிர்கொண்ட தமிழ் வேந்தன் ஒருவன் நம் நினைவுக்கு வந்தான். அவனே முதற் குலோத்துங்க சோழன்.

இவன் தந்தை வழியிற் சோழன் அல்லன். வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சளுக்கிய மன்னனாகிய இராசராச நரேந்திரனுக்கும், கங்கைகொண்ட சோழன் எனப் புகழ்பெற்ற முதல் இராசேந்திரன் மகளாகிய அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன். பாட்டனார் பெயரையே இவனுக்கு இட்டு இராசேந்திரன் என அழைத்தனர். தந்தை இறந்தபின் வேங்கி அரியணை சிறிய தந்தையாகிய விசயாதித்தன் கைக்குச் சென்றது. ஆகவே இளமையில் இவனுக்கு நாடு இல்லை. வாளும் சில படைவீரருமே உடைமை. வடக்கே வயிராகரத்தில் யானைகளைப் பிடித்தும், சக்கரக்கோட்டத்தை வென்றும் இவன் பெயர் பெற்றான். உரிமை கைநழுவிப் போவதை இளமையிலேயே கண்டவன் இவன் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

கி. பி. 1070 இல் வீரராசேந்திர சோழன் காலமானான். அவன் மகன் அதிராசேந்திரன் மிகச் சிறிது காலமே ஆண்டு, நாட்டிலெழுந்த கலகத்தில் மாண்டான். குலோத்துங்கன் அவ்வாண்டிலேயே கங்கைகொண்ட சோழபுரத்தில் முடி சூடினான். அவன் ஏறிய அரியணை மலர்ப் படுக்கையன்று. வடமேற்கே, அதிராசேந்திரனுக்கு மைத்துனனாகிய மேலைச் சளுக்கிய விக்கிரமாதித்தன் பகைத்து நின்றான். வேங்கியில் சிறிய தந்தை இருந்தான். தெற்கே பாண்டியரும் சேரரும் தலை தூக்கினர். ஈழத்தின் செய்தியோ எல்லாவற்றினும் கொடிதாயிருந்தது.

ஈழத்துப் போரின் தொடக்கத்தை அறிய நாம் 993 ஆம் ஆண்டளவிற்குச் செல்லவேண்டும். அக்காலத்தில் முதல் இராசராசனின் சேனை அநுராதபுரத்தை அழித்து, பொலன்னறுவையைத் தலைநகராக்கி, அதற்குச் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டது. 1017 இல் இராசேந்திரனின் படை ஐந்தாம் மகிந்தன் என்னும் சிங்கள மன்னனைப் பிடித்து, அவன் முடியோடு சோழநாட்டிற்குக் கொண்டுவந்தது. அவன் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்து 1029 இல் இங்கேயே இறந்தான். மன்னனும் முடியும் கையில் வந்தபின் போர் முடிந்துவிட்டது என்றே தஞ்சையில் எண்ணியிருப்பர்.

ஆயினும் முடியவில்லை. மகிந்தனின் மகன் காசியபனைத் தென்கிழக்கு உரோகணக் காடுகளில் மக்கள் மறைத்து வளர்த்தனர். அவனைப் பிடிக்கத் தொண்ணூற்றையாயிரம் பேர் கொண்ட சோழப்படை சென்றதென்றும், ஆறு திங்கள் போரிட்டும் வெறுங்கையோடு பொலன்னறுவைக்கு மீண்டதென்றும் மகாவம்சம் கூறும். எண்ணிக்கையில் மிகையிருக்கலாம், ஆனால் போரின் இயல்பை அது நன்கு காட்டுகிறது. உரோகணத்தில் ஒரு தலைவன் வீழ மற்றொருவன் எழுந்தான். இவ்வாறு எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. இராசராசன் காலத்தில் கடல் கடந்த வீரனின் பேரனும் அதே காட்டின் ஓரத்தில் காவல் நின்றிருப்பான்!

1055 அளவில் கித்தி என்னும் இளைஞன் விசயபாகு என்ற பெயரோடு உரோகணத்திற்குத் தலைவனானான். 1066 ஐ ஒட்டிப் பொலன்னறுவையை நோக்கி அவன் செய்த முயற்சி தோல்வியுற்றது. வீரராசேந்திரன் அனுப்பிய புதுப்படை அவனை மலைக்கோட்டைக்குத் துரத்தியது. ஆயினும் 1070 இல் சோழநாட்டுக் கலகத்தை அறிந்ததும் அவன் காலந்தாழ்த்தவில்லை. இரு கடற்கரை வழியும் இரு படைகளை ஏவி, நடுவே மகியங்கணை வழியாகத் தானும் சென்று, ஒன்றரைத் திங்கள் முற்றுகைக்குப் பின் பொலன்னறுவையைக் கைக்கொண்டான். சோழநாட்டிலிருந்து சென்ற துணைப்படையும் அநுராதபுரத்தருகே தோற்றது.

குலோத்துங்கன் முன் இப்பொழுது இரு வழிகள் இருந்தன. பாட்டனார் பெற்ற நாடு என்னும் மானத்தைக் காக்க மீண்டும் பெரும்படை திரட்டிக் கடல் கடத்தல் ஒன்று. ஈழத்தை விட்டுவிட்டுச் சோழநாட்டைக் காத்தல் மற்றொன்று. முன்னையோரெல்லாம் முதல் வழியையே மேற்கொண்டனர். இவன் இரண்டாவதை மேற்கொண்டான். இவனுடைய மெய்க்கீர்த்திகள் பாண்டியரை வென்றமையையும் சளுக்கியரைத் துரத்தியமையையும் விரித்துரைக்கின்றன. ஈழத்தைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. வெற்றியைப் பாட வல்லார் பலர். விட்டு வந்ததைப் பாடுவார் எக்காலத்தும் அரியர். அவனைக் கோழை என இகழ்ந்தோரும் அவையில் இருந்திருக்கலாம் என நாம் எண்ணுகிறோம்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். குலோத்துங்கன் போரையே வெறுத்தவன் அல்லன். நம் பாண்டிநாட்டின்மேல் படையெடுத்துப் பாண்டியர் ஐவரை வென்று, கோட்டாற்றை எரியூட்டியவன் இவனே. நம் செட்டியார்பட்டிப் பக்கத்தில் அன்று வாழ்ந்தோர்க்குச் சோழப்படையும் அயற்படைதான்! ஆயினும் ஈழத்தில் கற்றதை இவன் மறந்திலன். முன்னையோர்போல் தன் மக்களைப் பாண்டிநாட்டின் அரசராக்காமல், கோட்டாறு வரையுள்ள பெருவழிகளில் நிலைப்படைகளை மட்டும் நிறுத்தி, உள்நாட்டு ஆட்சியை அவ்வந்நாட்டாரிடமே விட்டான். பிற்காலத்தில் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கம் சென்ற சேனையும் வென்று பொருள் கொண்டு மீண்டதேயன்றி அந்நாட்டில் தங்கவில்லை. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பிறந்தது அப்போரிலேதான்.

படை மீண்டபின் சோழநாடு பெற்ற பயனும் சிறிதன்று. சுங்கத்தை நீக்கியமையால் இவன் சுங்கந்தவிர்த்த சோழன் எனப் பெயர் பெற்றான். 1086 இல் நிலமெல்லாம் அளக்கப்பெற்றது. 1077 இல் எழுபத்திருவர் அடங்கிய தூது சீனத்திற்குச் சென்றது. 1090 இல் கடாரத்து வேந்தன் வேண்டுகோட்படி நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்திற்கு இறையிலி உறுதி செய்யப்பட்டது.

எனினும் சேனையை மீட்டவுடன் யாவும் செவ்வையாயின என நாம் எழுதிவிட்டால் அது வரலாறாகாது. பொலன்னறுவையில் வேளைக்காரர் என்னும் தமிழ்ப் படையினர் பலர் விசயபாகுவின் ஊழியத்தில் இருந்தனர். 1085 ஐ ஒட்டி, விசயபாகு கருநாட வேந்தனுக்கு அனுப்பிய தூதரைச் சோழர் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்தனர். குலோத்துங்கன் ஆட்சிக்கு இது நீங்காத மாசு. சினங்கொண்ட விசயபாகு சோழர்மேற் செல்லுமாறு ஆணையிட்டபொழுது வேளைக்காரர் மறுத்தெழுந்தனர். படைத்தலைவர் இருவரைக் கொன்று, அரசனின் தங்கையையும் அவள் மக்களையும் சிறைபிடித்து, அரண்மனைக்குத் தீயிட்டனர். அரசன் ஓடிப் படை திரட்டி மீண்டு, தலைவர்களைக் கொடுமையாக ஒறுத்தான். அவர்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? ஒருபுறம் உண்ட சோறு. மறுபுறம் பிறந்த நாடு.

அதன்பின் இரு வேந்தரும் மெல்லத் தணிந்தனர். 1088 அளவில் குலோத்துங்கன் மகள் சுத்தமல்லி, வீரப்பெருமாள் என்னும் ஈழத்து இளவரசனின் மனைவியாயிருந்தாள். விசயபாகு 1110 இலும், குலோத்துங்கன் ஐம்பதாண்டுகள் ஆண்டு 1120 அளவிலும் மறைந்தனர். வேளைக்காரரோ ஈழத்திலேயே தங்கினர். பொலன்னறுவையில் புத்தர் பல்லைப் போற்றிய கோயிலைத் தாம் காப்பதாக அவர்கள் சூளுரைத்துப் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இன்றும் அங்கே நிற்கிறது. அதை நாம் கூறியபொழுது, அப்பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசாது நடந்து வந்தார்.