ஹியூ நெவில் விட்டுச்சென்ற பாடம்

பொத்துவில், அறுகம்பே முதல் கல்முனை வரையிலான கரையோரத்தின் பழஞ்சான்றுகளைப் பற்றிப் பேசுவோர் ஹியூ நெவிலின் வாழ்வை அறிந்திருத்தல் அவசியம்.

1847இல் பிறந்த இந்த ஆங்கிலேயர், இலங்கைச் சிவில் சேவை அதிகாரியாகக் கிழக்கு மாகாணத்திலும் கடமையாற்றினார். உத்தியோகத்தின் இடையே ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேகரித்ததோடு, அவற்றைப் பற்றிய குறிப்புகளையும் கைப்பட எழுதிவைத்தார். 1885 முதல் 'தப்ரோபேனியன்' என்னும் ஆய்விதழை நடத்தினார். 1897இல் பிரான்சில் காலமானார்.

சிங்களம், பாளி, தமிழ் உள்ளிட்ட 2,227 சுவடிகளைக் கொண்ட அவரது தொகுப்பை 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கியது. இன்று அது பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அவரது குறிப்புகளில் சிங்களக் கவிதைகள் பற்றியவை 1954, 1955ஆம் ஆண்டுகளில் கொழும்பில் அச்சேறின. கே. டி. சோமதாச தயாரித்த ஏழு தொகுதிப் பட்டியலோ 1987இல் தொடங்கி 1995இலேயே நிறைவுற்றது. சுவடிகள் கைமாறித் தொண்ணூறு ஆண்டுகள் கடந்திருந்தன!

சேகரித்தவரின் உழைப்பைப் போற்றும் நாம், அச்செல்வம் கடல் கடந்ததையும் மறப்பதற்கில்லை. எனினும், பட்டியல் இருப்பதாலேயே அவை இன்று ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

எமது நூலகங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோவில்களிலும் வீடுகளிலும் உள்ள அறபுத்தமிழ்க் கிதாபுகள், ஏடுகள், நாணயங்கள், மட்பாண்டங்கள் யாவும் எங்கே, எப்போது, எவரிடமிருந்து கிடைத்தன என்ற விபரத்துடன் பதிவு செய்யப்பட வேண்டும். கிடைத்த இடம் மறைந்துபோன பொருள் வரலாற்றுக்குச் சாட்சி சொல்லாது. தொல்பொருள் உரிமை சர்ச்சைக்குள்ளாகும் இம்மாகாணத்தில், தமிழரும் முஸ்லிம்களும் ஒன்றிணைந்து இப்பணியை மேற்கொள்வது காலத்தின் கட்டாயமாகும்.