நிலத்தின் நடுக்கத்தைக் கல்லில் கண்டவர்

பண்டை மக்களின் வரலாற்றை நாம் அறிதற்கு ஏடுகளும் கல்வெட்டுகளும் பெருந்துணை புரிகின்றன. எழுத்தைப் படித்தறிய இயலாத காலத்து வரலாற்றையோ இடிந்த சுவரும் உடைந்த கலமுமே நமக்கு உணர்த்துதல் வேண்டும். அவற்றை ஆராய்ந்து உண்மை காண்பதற்குப் பொறுமையும் கூர்த்த பார்வையும் இன்றியமையாதன. அவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றவர் ஆர்தர் எவான்சு என்னும் ஆங்கிலேய அறிஞர். மூவாயிரம் ஆண்டுகட்கு மேலாக மண்ணுள் மறைந்து கிடந்த ஒரு நாகரிகத்தை அவர் உலகிற்கு வெளிப்படுத்தினார். அந்நாகரிகத்தின் கட்டடங்களை நிலநடுக்கம் வீழ்த்தியதைச் சான்றுகளால் காட்டியவரும் அவரே.

எவான்சு 1851ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8ஆம் நாள் இங்கிலாந்தில் நாசு மில்சு என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் தந்தையார் சான் எவான்சு காகித ஆலை நடத்திய செல்வர். பழங்கற்கருவிகளையும் பழங்காசுகளையும் ஆராய்ந்த அறிஞருமாவார். ஆறு வயதிலேயே தாயை இழந்த எவான்சு, தந்தையார் தேடித் தொகுத்த தொல்பொருள்களிடையே வளர்ந்தார். அவருக்குக் கிட்டப்பார்வைக் குறை இருந்தது. தொலைவிலுள்ளவை அவருக்குத் தெளிவாகத் தெரியா. ஆயினும், ஒரு பொருளைக் கண்ணருகே கொண்டு பார்ப்பாராயின் பிறர் காணாத நுண்ணிய கோடுகளும் அவருக்குப் புலனாகும். குறையாக வந்த பார்வையே பிற்காலத்தில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

ஆக்சுபோர்டில் வரலாறு பயின்ற எவான்சு, பின்னர்ப் பால்கன் நாடுகளுக்குச் சென்று, மாஞ்செசுட்டர் கார்டியன் என்னும் நாளிதழுக்குச் செய்தி எழுதி வந்தார். அங்கு அடக்குமுறையை எதிர்த்து எழுந்த மக்களிடம் அவர் பரிவு கொண்டமையால், 1882ஆம் ஆண்டு ஆசுதிரிய அரசினர் அவரைச் சிறையிலிட்டுப் பின் நாட்டைவிட்டும் அகற்றினர். 1884ஆம் ஆண்டு ஆக்சுபோர்டிலுள்ள ஆசுமோலியன் காட்சிச்சாலையின் காப்பாளர் பதவி அவரை அடைந்தது. 1893ஆம் ஆண்டு தம் அருமை மனைவியாரை இழந்த அவர், அத்துயரினிடையேயும் ஆராய்ச்சியைக் கைவிட்டிலர்.

அக்காலத்தில் ஏதென்சு நகரில் சிறிய முத்திரைக் கற்கள் சில அவருக்குக் கிடைத்தன. அவற்றில் செதுக்கப்பட்டிருந்த குறிகள் ஒருவகை எழுத்தே என அவர் ஐயுற்றார். அத்தகைய கற்கள் மத்தியதரைக் கடலிலுள்ள கிரீட்டுத் தீவினின்றும் வந்தவை எனக் கேள்வியுற்று, 1894ஆம் ஆண்டு அத்தீவிற்குச் சென்றார். ஆங்குள்ள தாய்மார்கள், தாய்ப்பால் நன்கு சுரக்கும் என்னும் நம்பிக்கையால், அக்கற்களைக் கழுத்தில் அணிந்திருந்தனர்! பழமையின் பொருள் அறியாதிருந்தும் அதனைப் போற்றிக் காத்தவர்கள் அவர்களே.

அத்தீவிலுள்ள கினோசசு என்னுமிடத்தில் ஒரு மேடு இருந்தது. மினோசு கலோகைரினோசு என்னும் அத்தீவினர் 1878ஆம் ஆண்டிலேயே அம்மேட்டின் ஒரு பகுதியை அகழ்ந்து பெருந்தாழிகளைக் கண்டிருந்தார். எவான்சு அந்நிலத்தைத் தம் பொருளால் விலைக்கு வாங்கி, 1900ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அகழத் தொடங்கினார். மெக்கென்சி என்னும் அறிஞர் நாள்தோறும் கண்டவற்றைக் குறித்து வந்தார். சில கிழமைகளுக்குள்ளேயே எழுத்துப் பொறித்த களிமண் பலகைகளும், கல்லாலாகிய அரியணையுடன் கூடிய மண்டபமும் வெளிப்பட்டன. காளையின்மீது தாவும் இளையோரின் ஓவியமும், நீர் வழிந்தோடக் கட்டிய கால்வாய்களும் காண்போரை வியப்பில் ஆழ்த்தின. கிரேக்கர் கதைகளில் வரும் மினோசு மன்னன் பெயரால் அந்நாகரிகத்தை மினோவ நாகரிகம் என எவான்சு வழங்கினார். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசு அவருக்குச் 'சர்' பட்டம் அளித்துச் சிறப்பித்தது.

இத்துணைச் சிறந்த மாளிகை ஏன் பலமுறை இடிந்து பலமுறை எழுந்தது? இவ்வினா அவர் உள்ளத்தை நெடுநாள் வருத்தியது. 1922ஆம் ஆண்டு மாளிகையின் தென்கீழ் மூலையை அகழ்ந்தபோது அதற்கு விடை கிடைத்தது. ஆங்கிருந்த சிறு வீடொன்றின்மேல் மாளிகைச் சுவரின் பெருங்கற்கள் வந்து விழுந்திருந்தன. அவை மெல்லச் சரிந்து விழுந்தவையல்ல. வலிய விசையொன்றால் அப்பால் எறியப்பட்டவை. அருகிலிருந்த மற்றொரு வீட்டின் மூலைகளில் இரண்டு காளைகளின் தலைகளும், அவற்றின்முன் மண்ணாலாகிய சிறு பலிமேடைகளும் காணப்பட்டன. அவ்வீட்டை எவரும் மீண்டும் கட்டவில்லை, மண்ணிட்டு நிரப்பிவிட்டனர். நிலம் நடுங்கி வீடுகள் இடிந்தபின், நிலத்தின்கீழ் உறையும் தெய்வத்தின் சினந்தணிக்க மக்கள் காளைகளைப் பலியிட்டனர் என எவான்சு முடிவு செய்தார்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1926ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் இரவு ஒன்பதே முக்கால் மணி. கினோசசில் தாம் கட்டிய இல்லத்தின் கீழறையில், எழுபத்தைந்து வயதை எட்டும் நிலையிலிருந்த எவான்சு படுக்கையிலிருந்து நூல் படித்துக்கொண்டிருந்தார். திடுமென நிலம் நடுங்கிற்று. பொருள்கள் உருண்டு விழுந்தன. வீட்டின் உறுப்புகள் யாவும் முனகின. நிலத்தடியினின்றும் ஓர் ஒலி எழுந்தது. சினங்கொண்ட காளை அடக்கி முழங்குவது போன்றிருந்தது அவ்வொலி! வெளியே எழுந்த புழுதி நிலவொளியையும் மறைத்தது. அருகிலிருந்த ஊர்களில் வீடுகள் பல இடிந்தன. காட்சிச்சாலையில் வைத்திருந்த அரும்பொருள்களும் சேதமுற்றன. எவான்சு தங்கியிருந்த வீடோ உறுதியாக நின்றது.

உயிருக்கு இடையூறு நேர்ந்த அவ்வேளையிலும் அவ்வறிஞரின் சிந்தனை பண்டைக் காலத்திற்கே சென்றது. மினோவ மக்கள் காளையைப் போற்றியதற்கும், நிலத்தடியில் கேட்ட முழக்கத்திற்கும் தொடர்புண்டு என்று அவர் கருதினார். நூலில் ஆராய்ந்ததை உடலால் உணர்ந்த அவர், அத்தீவில் முன்னர் நிகழ்ந்த நிலநடுக்கங்களின் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். 1921 முதல் 1935 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்த தம் பெருநூலில் இவற்றை விரித்துரைத்தார்.

அவர் காட்டிய நெறியைப் பின்வந்தோர் மேற்கொண்டனர். 1932 முதல் 1938 வரை திராய் நகரை அகழ்ந்த அமெரிக்க அறிஞர் பிளெகன், அங்குள்ள ஆறாம் நகரம் நிலநடுக்கத்தால் வீழ்ந்தது என்று உரைத்தார். கிரீட்டுத் தீவிலேயே 1979ஆம் ஆண்டு, இடிந்து எரிந்த கோயிலொன்றில் நால்வருடைய எலும்புக்கூடுகள் கண்டெடுக்கப்பட்டன. நிலநடுக்கமே அக்கோயிலை வீழ்த்தியது என அதனை அகழ்ந்தோர் கருதினர்.

எனினும், இடிந்த சுவர் யாவும் நிலநடுக்கத்திற்குச் சான்றாகா. போரும் தீயும் கட்டடங்களை வீழ்த்தும். அடிநிலம் இளகினும் சுவர் சாயும். சுவர்கள் ஒரே திசை நோக்கி வீழ்ந்தனவா, பெருங்கற்கள் இடம் பெயர்ந்தனவா, அண்டை ஊர்களிலும் அக்காலத்தில் அழிவு நேர்ந்ததா என்பவற்றையெல்லாம் சேர்த்து நோக்கியே முடிவு காணல் வேண்டும். மாளிகையின் இறுதி அழிவிற்கும் நிலநடுக்கமே காரணம் என எவான்சு கொண்டார். பிற்கால அறிஞர் பலர் அதனை ஒப்பவில்லை. களிமண் பலகைகளிற் பிற்பட்ட எழுத்து கிரேக்க மொழியையே குறித்தது என 1952ஆம் ஆண்டு வென்ட்ரிசு என்னும் அறிஞர் நிறுவினார். கிரேக்க மொழி அன்று என்று எவான்சு கொண்டிருந்த கருத்து அதனால் வீழ்ந்தது. அவ்வென்ட்ரிசு, தம் பதினான்காம் வயதில், முதியவரான எவான்சின் சொற்பொழிவைக் கேட்டு அவ்வெழுத்தில் ஆர்வங்கொண்டவர் என்பது அறியத்தக்கது. ஆசிரியரின் கருத்தைத் திருத்தியவர், அவர் ஏற்றிய விளக்கின் ஒளியிலேயே வழி கண்டார்.

1941ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள், தொண்ணூறு ஆண்டுகள் நிறைந்த மூன்றாம் நாளில், எவான்சு இயற்கை எய்தினார். அப்பொழுது கிரீட்டுத் தீவு போரில் செருமானியர் கைப்பட்டிருந்தது. அவர் தேடித் தந்த செல்வமோ எவராலும் கவர முடியாதது. பண்டை மக்கள் நிலம் நடுங்கியபோது அஞ்சினர். பின்னர் இடிபாட்டைச் சமன் செய்து, முன்னினும் சிறந்த மாளிகையை எழுப்பினர். அவர்தம் அச்சத்தையும் ஊக்கத்தையும் கற்களினின்றும் படித்துக் காட்டிய எவான்சின் புகழ், ஆராய்ச்சி உலகில் நின்று நிலவுவதாகும்.