பட்டம் பெறாத பெண்மணி வகுத்துத் தந்த ஆய்வேட்டு ஒழுங்கு

பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு ஒன்றை எழுதி முடித்த மாணவர்களிடம் அதில் எப்பகுதி கடினமாக இருந்தது என்று வினவினால், பலர் அடிக்குறிப்புகளையும் உசாத்துணைப் பட்டியலையும் ஒழுங்கு செய்த நாட்களையே முதலில் நினைவுகூருவர். எவ்விடத்தில் காற்புள்ளி, எவ்விடத்தில் முற்றுப்புள்ளி, ஆண்டு முன்னே வருவதா பின்னே வருவதா என்னும் நுணுக்கங்கள் யாவும் பொருளற்ற சம்பிரதாயங்கள் என்ற சலிப்பு அவர்களிடம் உண்டு. இந்த நுணுக்கங்களை மாணவர்க்கு விளங்கும் வகையில் தொகுத்தளித்து, உலகின் பல பல்கலைக்கழகங்களில் தமது பெயரையே ஒரு முறையின் பெயராக நிலைபெறச் செய்தவர் கேற் டுராபியன் அம்மையார். ஆயிரக்கணக்கான பட்டதாரிகளுக்கு வழிகாட்டிய அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பட்டம் பெற்றவரல்லர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1893ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி பிறந்த அவரது இயற்பெயர் கேற் லாரிமோர் என்பதாகும். நகரின் தென்பகுதியிலுள்ள ஹைட் பார்க் உயர்தரப் பாடசாலையில் கல்வியை நிறைவு செய்த அவருக்கு, தோழியரோடு கல்லூரி செல்லும் வாய்ப்பு கிட்டவில்லை. கடுமையான நோயொன்று குறுக்கிட்டது. பின்னர் விளம்பர நிறுவனமொன்றில் தட்டெழுத்தாளராகப் பணியில் அமர்ந்தார். எழுத்தாளர் ஷெர்வூட் அண்டர்சன் அங்கே அவருடன் பணியாற்றியவர். 1919ஆம் ஆண்டில் ஸ்டீபன் டுராபியன் என்பவரை மணந்தார்.

1925ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத் துறையொன்றின் செயலாளராக நியமனம் பெற்ற அவர், 1930ஆம் ஆண்டில் ஆய்வேடுகளுக்கான செயலாளர் பதவியை ஏற்றார். முதுமாணி, கலாநிதிப் பட்டங்களுக்காகச் சமர்ப்பிக்கப்படும் ஆய்வேடுகள் உரிய அமைப்பில் உள்ளனவா என்று பார்த்து ஏற்றுக்கொள்வது அவரது கடமையாயிற்று. பேராசிரியர்கள் ஏற்றுக்கொண்ட ஆய்வேடாயினும் அவரது மேசையைத் தாண்டியே செல்ல வேண்டியிருந்தது. 1958ஆம் ஆண்டில் ஓய்வு பெறும் வரை இப்பணியிலேயே அவர் இருந்தார்.

அக்காலத்தில் ஆய்வேடுகள் தட்டெழுத்துப் பொறியிலேயே தயாரிக்கப்பட்டன. பக்கத்தின் அடியில் எத்தனை வரிகள் அடிக்குறிப்புக்குத் தேவைப்படும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு இடம் விடவேண்டும். சாய்வெழுத்துக்கு வசதியில்லாமையால் நூற்பெயரின் கீழ்க் கோடிட வேண்டும். ஒரு குறிப்பு விடுபட்டுப் போனால் முழுப்பக்கத்தையும் மீண்டும் அடிக்க நேரிடும். பல்கலைக்கழக அச்சகம் 1906ஆம் ஆண்டிலேயே நடைக் கையேடொன்றை வெளியிட்டிருந்தபோதிலும், அது அச்சுக்கோப்போரையும் பதிப்பாசிரியரையும் கருத்திற் கொண்டு எழுந்த நூலாகும். தட்டெழுத்துப் பொறியின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு வேறு வகையான உதவி தேவைப்பட்டது.

இத்தேவையை நிறைவு செய்யும் பொருட்டு 1937ஆம் ஆண்டில் டுராபியன் அம்மையார் சிறு கைநூலொன்றை எழுதினார். தமது பல்கலைக்கழக மாணவருக்கென எழுதப்பட்ட அந்நூல் நாளடைவில் பிற நிறுவனங்களிலும் வேண்டப்படும் நூலாயிற்று. பின்னர் பல்கலைக்கழக அச்சகமே அதனை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. புதிய விதிகளைத் தாமே கண்டுபிடித்ததாக அவர் உரிமை கோரவில்லை. அச்சகம் பேணிவந்த ஒழுங்கையே மாணவருக்கு ஏற்றவாறு எளிமைப்படுத்தினார் எனலாம்.

அவ்வொழுங்கின் உட்பொருளைச் சற்று நோக்குவோம். அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர் இயல்பான வரிசையில் எழுதப்படும். வெளியீட்டு விபரங்கள் அடைப்புக்குள் அமையும். இறுதியில், கருத்து எடுக்கப்பட்ட பக்கத்தின் எண் வரும். உசாத்துணைப் பட்டியலிலோ குடும்பப்பெயர் முன்னே வரும். கூறுகள் முற்றுப்புள்ளியாற் பிரிக்கப்படும். பட்டியல் அகர வரிசையில் அமைவதால், நூலைத் தேடுபவருக்குப் பெயரே வழிகாட்டி. அடிக்குறிப்போ குறித்த ஒரு கூற்று எங்கிருந்து வந்தது என்பதைச் சுட்டுவதால், அங்கே பக்க எண் இன்றியமையாதது. ஆகவே புள்ளிகளின் வேறுபாடு காரணமின்றி எழுந்ததன்று. முன்பின் அறியாத ஒருவர், பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் அதே நூலின் அதே பக்கத்தைத் திறந்து, எழுதியவர் உண்மை சொன்னாரா என்று சரிபார்க்க வேண்டும். அந்த உரிமையை வாசகருக்கு அளிப்பதே இவ்விதிகளின் நோக்கமாகும்.

இவ்வுணர்வு நமது மரபுகளுக்கு அந்நியமானதன்று. ஹதீஸ் கலையில் ஒரு செய்தியை யாரிடமிருந்து யார் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் வரிசை முழுமையாகக் கூறப்பட்டு, அவ்வரிசையில் உள்ள ஒவ்வொருவரின் நம்பகத்தன்மையும் ஆராயப்பட்டது. தமிழிலோ இதன் இன்மையால் நேர்ந்த இடர்ப்பாட்டை உ.வே. சாமிநாதையர் அனுபவித்தார். 1887ஆம் ஆண்டில் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உழைத்தபோது, நச்சினார்க்கினியர் தமது உரையில் நூற்பெயர் சுட்டாமல் எடுத்தாண்ட மேற்கோள்களின் இருப்பிடத்தைத் தேடி அவர் பட்ட சிரமம் பெரிது. ஒரு நூற்பெயர் எழுதப்படாமற் போனால், பின்வரும் தலைமுறை எத்துணை உழைக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

ஓய்வு பெற்ற பின்னரும் டுராபியன் அம்மையாரின் ஈடுபாடு குன்றவில்லை. கல்லூரி மாணவர்க்கென வேறொரு வழிகாட்டி நூலையும் 1963ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். 1987ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி, தமது 94ஆவது வயதில் அவர் காலமானார். அவரது நூல் பிறரால் திருத்தப்பட்டுத் தொடர்ந்து வெளிவந்தது. 2007ஆம் ஆண்டின் ஏழாம் பதிப்பில் வேய்ன் பூத் உள்ளிட்ட அறிஞர்கள் ஆய்வு செய்யும் முறை பற்றிய பகுதியையும் சேர்த்தனர். 2018ஆம் ஆண்டில் ஒன்பதாம் பதிப்பு வெளிவந்தது. இந்நூல் 90 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியுள்ளதாகப் பதிப்பகத்தார் கூறுகின்றனர்.

எனினும் எந்த விதியையும் கண்மூடிப் பின்பற்றுதல் பொருந்தாது. குடும்பப்பெயரை முன்னிறுத்தும் முறை மேலைத்தேயப் பெயர்களுக்கு ஏற்றது. தமிழர் பெயரில் முன்னே நிற்பது பெரும்பாலும் தந்தையின் பெயராகும். கார்த்திகேசு சிவத்தம்பி என்னும் பெயரில் கார்த்திகேசு என்பது தந்தையார் பெயர். அதனைப் பின்னே மாற்றி எழுதிவிட்டு, இறுதிச் சொல்லைக் குடும்பப்பெயராகக் கொண்டால், பட்டியலில் மகனின் நூல் தந்தையின் பெயரிற் சேர்ந்துவிடும். அப்துல் ரஹ்மான் என்பது பிரிக்கலாகாத ஒரே பெயர். ரஹ்மானை முன்னே நிறுத்தி, அப்துலை ஓர் எழுத்தாகச் சுருக்கினால் பெயரின் பொருளே சிதைந்துவிடுகின்றது. கணினி மென்பொருள்கள் இத்தவறைத் தாமாகவே செய்கின்றன. விதியின் நோக்கத்தை உணர்ந்தவரே இதனைத் திருத்த வல்லவர். சிக்காகோ கையேடும் காலத்துக்கேற்ப மாறியே வந்துள்ளது. 2024ஆம் ஆண்டின் பதினெட்டாம் பதிப்பு, நூல் வெளியான நகரத்தின் பெயர் பெரும்பாலான நூல்களுக்கு அவசியமில்லை என்று தளர்த்தியுள்ளது.

இன்று காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் ஒரு நொடியில் ஒழுங்கு செய்ய மென்பொருள்கள் உள்ளன. அதேவேளை, எழுதப்படாத நூலுக்கு ஆசிரியரையும் ஆண்டையும் பக்க எண்ணையும் கற்பித்து, பிழையற்ற வடிவில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. வடிவம் முற்றிலும் சரியாகவும் செய்தி முற்றிலும் பொய்யாகவும் இருக்கும் உசாத்துணைப் பட்டியல் இப்போது சாத்தியமாகியுள்ளது. ஆதலின் நூலைக் கையிலெடுத்து, பக்கத்தைத் திறந்து பார்த்தே குறிப்பெழுதும் பழக்கம் முன்னெப்போதையும் விட இன்று அவசியமாகின்றது. நமது மாணவர்க்கு விதிகளைப் புகட்டும் ஆசிரியர்கள், அவற்றின் காரணத்தையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

பிறரிடம் பெற்றதைப் பெற்றேன் என்று ஒப்புக்கொள்வதற்குப் பட்டம் எதுவும் தேவையில்லை. பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அதனைச் செய்தே ஆகவேண்டும் என்பதைத் தமது மேசையில் அமர்ந்து 28 ஆண்டுகள் வலியுறுத்தியவர் கேற் டுராபியன் அம்மையார்.