பொறுப்பை ஏற்றவர்!

கால்பந்தில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஆசிய நாடு ஜப்பான். 1968-ம் ஆண்டு அந்தப் பதக்கத்தை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளரின் பெயர் கென் நகனுமா. அவர் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் நாலே நாலு. அடித்த கோல் ஒன்றே ஒன்று. ஆனாலும் ஜப்பான் நாட்டுக் கால்பந்தின் சரித்திரத்தை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

குண்டு விழுந்த ஊர்

நகனுமா 1930-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி ஹிரோஷிமாவில் பிறந்தார். 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி அந்த ஊரில் அணுகுண்டு விழுந்தது. அப்போது அவருக்கு வயது 14. குண்டின் பாதிப்புக்கு ஆளாகியும் உயிர் தப்பியவர்களில் அவரும் ஒருவர்.

ஊர் சாம்பலாகிக் கிடந்தது. ஆனால் பிள்ளைகள் மீண்டும் பந்தை எடுத்தார்கள். 1947-ல் நடந்த அகில ஜப்பான் பள்ளிக்கூடப் போட்டியில் நகனுமாவின் பள்ளிக்கூடம் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனது!

அவர் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, புருகாவா மின்சாரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து ஜப்பானில் பந்து ஆடிப் பிழைக்க முடியாது. கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஆட வேண்டும்.

ஒரு கோல்

1954-ல் உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி டோக்கியோவில் நடந்தது. தென்கொரியாவை எதிர்த்து ஜப்பான் ஆடியது. முதல் கோலை அடித்தவர் நகனுமாதான். ஆனால் ஆட்டம் முடிந்தபோது ஜப்பான் 1-5 என்று தோற்றுப் போயிருந்தது. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நம் இந்தியா நாலாவது இடம் பெற்றது. ஜப்பானோ முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது.

ஜெர்மானிய ஆசிரியர்

1964 ஒலிம்பிக் டோக்கியோவில் நடப்பதாக முடிவாகியிருந்தது. சொந்த ஊரில் தலைகுனியக் கூடாதே! 1960-ல் டெட்மர் கிராமர் என்ற ஜெர்மானியரை வரவழைத்தார்கள். அவர் பந்தை உட்காலால் தட்டுவதிலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். தேசிய ஆட்டக்காரர்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகள் போலக் கற்றார்கள்.

அதே 1960-ல் நகனுமா புருகாவா அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, சக்கரவர்த்திக் கோப்பையை வென்றார். கம்பெனி அணி ஒன்று அந்தக் கோப்பையைப் பெற்றது அதுவே முதல் தடவை.

1962 டிசம்பரில் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்கு வயது 32. உதவியாளர் ஒகானோவுக்கு 31. இத்தனை சின்ன வயதினரிடமா ஒரு நாட்டின் மானத்தை ஒப்படைப்பது? ஒப்படைத்தார்கள். நகனுமாவும் கர்வப்படவில்லை. கிராமரைக் குருவாக வைத்துக்கொண்டே அணியை நடத்தினார். 1964-ல் ஜப்பான் அர்ஜெண்டினாவை 3-2 என்று வீழ்த்தி, கால் இறுதி வரை சென்றது.

இரண்டே நாள்

1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக். நைஜீரியாவையும் பிரான்சையும் ஜப்பான் வென்றது. பிரேசில், ஸ்பெயின் ஆட்டங்கள் டிராவில் முடிந்தன. அரை இறுதியிலோ ஹங்கேரியிடம் 0-5 என்று படுதோல்வி!

வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம் இரண்டே நாளில். எதிரி மெக்சிகோ. லட்சம் பேர் கொள்ளும் அஸ்டெக்கா மைதானம் முழுவதும் எதிரியின் ஆதரவாளர்கள். ஆனால் சுகியாமா பந்தைக் கொடுக்க, கமாமோட்டோ முதல் பாதியிலேயே இரண்டு கோல் அடித்துவிட்டார். இரண்டாம் பாதியில் மெக்சிகோவுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல் காவலர் யோகோயாமா அதைத் தடுத்தார். ஜப்பான் 2-0 என்று வென்றது. மொத்தம் 7 கோல் அடித்த கமாமோட்டோவே அந்த ஒலிம்பிக்கில் முதல்வர்.

நீண்ட இருட்டு

அதன்பின் சரிவு வந்தது. நகனுமா 1972 முதல் 1976 வரை மீண்டும் பயிற்சியாளராக இருந்தார். உலகக் கோப்பைக்கும் போக முடியவில்லை. ஒலிம்பிக்குக்கும் போக முடியவில்லை. 1996 வரை ஒலிம்பிக் கால்பந்தில் ஜப்பான் தலைகாட்டவே இல்லை.

1994-ல் நகனுமா ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் தலைவரானார். அடுத்த ஆண்டு, பயிற்சியாளர் காமோவை மாற்ற வேண்டும் என்று சங்கத்தின் குழு யோசனை கூறியது. நகனுமா கேட்கவில்லை. ஜப்பான் உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாவிட்டால் தாமே பதவி விலகுவதாக அறிவித்தார்.

1997-ல் சோதனை வந்தது. கஜகஸ்தானில் ஆடிய ஆட்டம் டிராவில் முடிந்தது. வாய்ப்பு நழுவும் போல் இருந்தது. அன்று இரவே காமோவை நீக்கினார். உதவியாளராக இருந்த ஒகாடாவிடம் அணியை ஒப்படைத்தார். ஒகாடாவுக்கு வயது 41. அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை!

நவம்பர் 16-ந் தேதி, மலேசியாவில் உள்ள ஜோகூர் பாருவில், ஜப்பான் ஈரானை 3-2 என்று வென்றது. உலகக் கோப்பையின் கதவு முதன் முதலாகத் திறந்தது.

நகனுமா 1998-ல் தலைவர் பதவியை விட்டார். 2002-ல் ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து நடத்திய உலகக் கோப்பையைக் கண்ணாரக் கண்டார். 2008 ஜூன் 2-ந் தேதி, 77-வது வயதில் காலமானார்.

முப்பத்திரண்டு வயதில் பெரியவர்கள் தம்மை நம்பியதை அவர் மறக்கவில்லை போலும்! முதுமையில், அனுபவமில்லாத வேறொருவரை அவர் நம்பினார். தோற்றால் பழி தம்மைச் சேரட்டும் என்று துணிந்தார். கோல் அடிப்பவர்கள் பலர் இருக்கலாம். பொறுப்பை ஏற்பவர்கள் சிலரே.