மஞ்சள் அரைக்கும் பெண்களை வரைந்த அம்ரிதா

பல்கலைக்கழக விடுதிக்குப் புதிதாக வருபவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, கம்போங் எங்கே என்பதுதான். நான் தெப்ராவ் என்பேன். அத்தோடு விஷயம் முடிந்துவிடும். ஆனால் அம்ரிதா ஷேர்கிலிடம் யாராவது இதைக் கேட்டிருந்தால் அவ்வளவு சுலபமாகப் பதில் வந்திருக்காது.

அவர் 1913 ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அம்மா மேரி அந்துவானெட் ஹங்கேரி நாட்டுப் பாடகி. அப்பா உம்ராவ் சிங் பஞ்சாபின் சீக்கியப் பிரபு குடும்பத்தைச் சேர்ந்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். புகைப்படம் எடுப்பதில் தீராத ஆர்வம் கொண்டவர். முதலாம் உலகப் போர் குறுக்கிட்டதால் குடும்பம் 1921இல்தான் இந்தியாவுக்கு வந்து சிம்லாவில் குடியேறியது. அப்போது அம்ரிதாவுக்கு எட்டு வயது. மகளின் கை ஓவியத்துக்கு இசைந்திருப்பதைக் கண்ட பெற்றோர், 1929இல் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றனர். பதினாறு வயதில் மூன்றாவது நாடு!

பாரிசில் லூசியன் சிமோன் என்ற ஓவியரிடம் பயின்றார். 1932இல் வரைந்த ‘இளம் பெண்கள்’ என்ற ஓவியத்திற்கு மறு ஆண்டு அங்குள்ள பெரிய கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது இருபது. என் வயதுதான்; நானோ இன்னும் பயிற்சிப்பணிக் கெடுவுக்குப் பயந்துகொண்டிருக்கிறேன். ஐரோப்பாவிலேயே இருந்திருந்தால் பெயரும் வசதியும் தேடி வந்திருக்கும். அவருடைய மனமோ இந்தியாவையே நினைத்து ஏங்கியது. அவர் கையாளும் நிறங்களுக்குப் பாரிசின் சாம்பல் வெளிச்சம் பொருந்தாது, கீழை நாடுகளே பொருந்தும் என்று ஆசிரியரும் கருதினார். மகள் திரும்பி வருவதில் அப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. இருந்தும் 1934 இறுதியில் அம்ரிதா புறப்பட்டுவிட்டார்.

அவர் ஏங்கியது எந்த இந்தியாவுக்காக? பாரிசுக்குப் போகும் முன்பு அவர் இந்தியாவில் வாழ்ந்தது ஏறக்குறைய எட்டு ஆண்டுகள்தான். அதிலும் நடுவில் சில மாதங்கள் இத்தாலியில் கழிந்தன. வீட்டில் வேலைக்காரர்களும் பியானோ வகுப்பும் இருந்தன. கிராமம் என்பது அவருக்கு வெளியே நின்று பார்த்த ஒன்று. அதனால்தான் ‘மூன்று பெண்கள்’ போன்ற ஆரம்ப ஓவியங்களில் எல்லாருமே சோகமாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அந்தச் சோகத்தில் பாதி அவர்களுடையது, மீதி வரைந்தவருடையது. ஆனாலும் சுற்றுலா விளம்பரம் போன்ற பளபளப்பான இந்தியாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த ஓவியம் அதிர்ச்சியாக இருந்தது. 1937இல் அதற்குப் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அதற்கு முன்பே ஒரு பயணம் அவரை மாற்றியிருந்தது. 1936 இறுதியில் தொடங்கிய அந்தப் பயணத்தில் அவர் அஜந்தா, எல்லோராவைப் பார்த்தார், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் நாள்கணக்கில் அமர்ந்து படியெடுத்தார், கன்னியாகுமரிவரை சென்றார். பிறகு சிம்லா குளிரில் உட்கார்ந்து, கண்ணில் பதிந்த தென்னாட்டை வரைந்தார். ‘மணப்பெண் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்’ ஆகிய மூன்றும் 1937இல் அப்படிப் பிறந்தவை. கறுத்த உடம்பு, வெள்ளை வேட்டி, செம்மண் நிறம். நம் சொந்தக்காரர்களைப் போன்ற முகங்களை ஓர் உலகத்தர ஓவியத்தில் நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். நூலகப் புத்தகத்தில்தான் என்றாலும் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

1938இல் ஹங்கேரிக்குச் சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகனை மணந்தார். மறு ஆண்டு இருவரும் இந்தியா திரும்பி, கோரக்பூர் அருகே சராயா என்ற ஊரில் தங்கினர். அங்கே குடும்பத்தாருக்குச் சர்க்கரை ஆலை இருந்தது. பார்க்கப் பெரிய காட்சி எதுவும் இல்லாத ஊர் அது. அவருடைய ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை இங்கே வரைந்தவைதாம். 1940இல் தீட்டிய ஓவியம் ஒன்றில் பெண்கள் மரத்தடியில் மஞ்சள் அரைக்கிறார்கள். இன்னொன்றில் ஒருத்தி கயிற்றுக் கட்டிலில் சும்மா படுத்திருக்கிறாள். கதை ஒன்றும் நடப்பதில்லை. பழைய சோகமும் குறைந்துவிட்டது. முகலாய, பஹாரிச் சிற்றோவியங்களிலிருந்து கற்ற சிவப்பும் பச்சையும் சூடாக எரிகின்றன. அந்தப் பெண்களுக்காக இரக்கப்படுவதை விட்டுவிட்டு, அவர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று தோன்றுகிறது.

ஆலைக்காரர் வீட்டுப் பெண் ஏழைகளை வரைவதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பாட்டி தெப்ராவில் கித்தா மரம் வெட்டியவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனதையும், லயத்து வாசலில் பெண்கள் கூடி உட்கார்ந்து அரிசி புடைத்ததையும் சொல்வார். அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி, பக்கத்தில் பேரங்காடி. பாட்டி சொன்னவற்றில் ஒன்றுக்குக்கூட எங்கள் வீட்டில் படம் இல்லை. அப்போது யாராவது, துரை வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், வந்து உட்கார்ந்து வரைந்திருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டேன்.

அம்ரிதா உயிரோடு இருந்தவரை அவருடைய ஓவியங்கள் அதிகம் விற்கவில்லை. 2023இல் அவரது ‘கதைசொல்லி’ ஏலத்தில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. அன்றைக்கு வேறெந்த இந்திய ஓவியமும் அந்த விலையைத் தொட்டதில்லை. அவருடைய படைப்புகள் இப்போது தேசியக் கலைச் செல்வங்கள். இந்தியாவில் இருப்பவற்றை நாட்டைவிட்டு வெளியே விற்க முடியாது.

1941 செப்டம்பரில் தம்பதியர் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். டிசம்பரில் அங்கே அவருடைய தனிக் கண்காட்சி நடக்கவிருந்தது. அதற்குச் சில நாள்கள் முன்பு திடீரென நோயுற்று, டிசம்பர் 5ஆம் நாள் காலமானார். வயது இருபத்தெட்டு. அவர் விட்டுச்சென்ற கடைசி ஓவியம் முற்றுப்பெறவில்லை. லாகூர் வீட்டு மாடியிலிருந்து அன்றாடம் தெரிந்த காட்சிதான் அது: பக்கத்து வீட்டுக் கூரைகள், கீழே கட்டியிருக்கும் கரிய எருமைகள்.